வெட்டாமல் விட்ட கயிறு

என் அண்ணி கப்பலில் வேலை பார்த்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சமையல் வேலையா?” கொஞ்சம் யோசித்துப் பேசுகிறவர்கள், “நர்ஸா?” என்பார்கள். போன மாதம் துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். அண்ணன் பதில் சொல்லத் தொடங்கி, “கடல்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்கு… அந்தக் கருவியெல்லாம்…” என்று இழுத்து, பாதியிலேயே கையிலிருந்த டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கே மனைவியின் வேலையை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. எனக்கும் வராது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, ஆழத்தில் குளிர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கடலுக்குள் கருவிகளை இறக்குகிறார்கள். கேள்வி அவர்களுடையது. கருவியை இறக்குவதும், அது அங்கே நசுங்காமல் கிடக்கும்படி செய்வதும், பிறகு பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதும் வேறு ஆட்களின் வேலை. அண்ணி அந்த வேறு ஆட்களில் ஒருவர். படித்தது இயந்திரப் பொறியியல். கூடப் படித்த பையன்கள் எல்லாம் குளிரூட்டிய அறைகளுக்குப் போனபோது இவர் துறைமுகத்தின் கடைசிக் கோடியில் ஒரு தகரக்கூரைக் கொட்டகைக்குப் போனார். ஓய்வு பெறாமலேயே போய்ச் சேரும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அந்தக் கொட்டகையில் ஒரு நீண்ட மேசை. அதன் மேல் சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் அளவு அளவாகக் கறுப்பு ரப்பர் வளையங்கள். மூலையில், ஓர் ஆள் நின்றால் உள்ளே மறைந்துபோகிற அளவுக்குக் கனத்த இரும்பு உருளை. கருவியை அதற்குள் போட்டு மூடி, நீரை ஏற்றி அழுத்தினால், ஆழ்கடலில் கருவி என்ன பாடு படுமோ அதே பாட்டை அங்கேயே படும். சில சமயம் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கருவிக்குச் சொந்தக்காரர் முகம் வெளுத்துப் போவார். அண்ணி சிரிப்பார்.

“இங்கயே நசுங்கினது நல்லதுங்க. அங்க போய் நசுங்கியிருந்தா யார்கிட்டப் போய் அழறது?”

கருவியின் மூடிக்குள் அந்த ரப்பர் வளையத்தைப் பொருத்தும்போது மட்டும் யாரும் பேசக் கூடாது. வளையத்துக்கு அடியில் ஒரு தலைமுடி சிக்கினாலும் போதும், அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் கொட்டகைக்குள் நுழைகிற எல்லோரும் தலையில் துணித்தொப்பி போட்டாக வேண்டும். சுத்தமாக வழுக்கை விழுந்த ஒரு பேராசிரியர், “எனக்கும் வேணுமாம்மா?” என்று பரிதாபமாகக் கேட்டாராம். “புருவம் இருக்கே சார்” என்று தொப்பியை நீட்டினாராம் அண்ணி.

எங்கள் வீட்டுக்கு அவர் மருமகளாக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முதல் ஒரு வருஷம் மனத்தாங்கல்தான். “மருமக வந்தா எனக்கு ஓய்வுன்னு நினைச்சேன். இவ என்னடான்னா என் புள்ளைக்குச் சமையல் கத்துக்கொடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டா” என்பாள். அதே அம்மா பிற்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம், “எங்க வீட்டுல மருமகதான் கடலுக்கு அடியில வேலை பாக்கறா” என்று அளந்துவிட்டதையும் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கப்பலிலிருந்து அண்ணி தொலைபேசியில் மிகுந்த சந்தோஷத்தோடு, “அத்தை, ரிலீஸ் ஆயிடுச்சு!” என்றார். அம்மா ஃபோனைப் பொத்திக்கொண்டு எங்களிடம் கேட்டாள்: “எந்தப் படம்டீ?”

ரிலீஸ் என்றால் என்ன என்பதைச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவது எதுவும் புரியாது.

கடலடியில் கனமான இரும்புச் சக்கரங்களை எடையாகப் போட்டு, அதிலிருந்து நேர் மேலே ஒரு நீண்ட கயிறு. கயிற்றின் மேல்நுனியில் பெரிய மிதவைகள்; அவை இழுப்பதால் கயிறு தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். நடுநடுவே கருவிகள். மிதவைகளும் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருப்பதால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் கடல்தான். கப்பல்காரர்கள் அதைக் ‘கொடி’ என்பார்கள். அடியில், எடைக்கும் கயிற்றுக்கும் நடுவே, சொன்னால் கேட்கிற ஒரு கொக்கி. அதுதான் ரிலீஸ். கப்பலிலிருந்து ஒலியால் ஆணை அனுப்பினால் கொக்கி வாயைத் திறக்கும். எடை அங்கேயே கிடக்க, கொடி முழுவதும் மிதந்து மேலே வரும். ஒரு வருஷம் கழித்து அந்தக் கொக்கி திறந்தால் ஒரு வருஷத்துக் கடல் கையில் கிடைக்கும். திறக்காவிட்டால் ஒன்றும் கிடையாது.

இந்தக் கொக்கி கப்பல் தளத்தில் தவறுதலாகத் திறந்துவிட்டால் ஆபத்து. அதனால் இறக்கும்வரை அதன் வாயைச் சுற்றி ஒரு கயிறு கட்டி வைப்பார்கள். எடையைக் கடலில் விடுவதற்குச் சற்று முன்னால் அதை வெட்டிவிட வேண்டும். அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ அவசரக்காரர் அந்தக் கயிற்றைச் சீக்கிரமே வெட்டிவிட, கொக்கி திறந்து சக்கரங்கள் உருண்டு ஒரு மாலுமியின் பாதம் கூழாகிப் போயிருக்கிறது. அண்ணி பக்கத்தில் நின்றிருக்கிறார். அந்த ஆள் போட்ட சத்தத்தைப் பற்றி அவர் ஒருபோதும் எங்களிடம் பேசியதில்லை. அதற்குப் பிறகு ஒரு விதி போட்டார்: காப்புக் கயிற்றை நான்தான் கட்டுவேன், நான்தான் வெட்டுவேன், வேறு யாரும் தொடக் கூடாது.

தொடவும் இல்லை. ஒரு சுற்றுப் போதும் என்கிற இடத்தில் நான்கு சுற்றுச் சுற்றுவார். மாலுமிகள் அவருக்கு ‘முடிச்சு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். “மொட்டைத் தலையையும் முழங்காலையும் கொடுங்க, நம்ம முடிச்சக்கா கட்டிக் காட்டிருவாங்க” என்று தளத்தில் சிரிப்பார்கள். அண்ணிக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் வேதியியல் படித்து, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்து, கடைசியில் ஒரு பயணத்தில் அவரோடு அதே கப்பலில் போனேன். ஆழ்கடல் தண்ணீரை அள்ளி எடுத்து வடிகட்டுவது என் வேலை. கப்பலில் ஏறியதுமே போசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். தளத்து மாலுமிகளுக்கெல்லாம் தலைவர் அவர், தலை நரைத்த மனிதர். அண்ணியைவிட மூத்தவர்.

“என்ன தங்கச்சி, வீட்டுலேர்ந்து மேற்பார்வைக்கு ஆள் அனுப்பிட்டாங்களா?”

“நாத்தனார் இல்லாம எனக்கு எங்கண்ணே நிம்மதி?” என்றார் அண்ணி. “கடல்ல வந்தாலாவது தப்பிக்கலாம்னு பார்த்தேன்.”

அந்தப் பயணத்தின் முக்கிய வேலை, முந்திய வருஷம் அண்ணியின் கையால் இறக்கிய ஒரு கொடியை எடுப்பது. கடலடியை ஒட்டி மிகக் குளிர்ந்த ஒரு நீரோட்டம் அந்த வழியாகப் போகிறது என்று ஒரு பேராசிரியை நம்பினார். நம்பியவர் அவர் ஒருவர்தான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அந்த நீரோட்டத்தை அளக்கும் கருவி கொடியிலேயே மிகக் கீழே, ரிலீசுக்குச் சற்று மேலே இருந்தது. ஒரு வருஷத்துக் கணக்கு முழுவதும் அதன் வயிற்றுக்குள். பேராசிரியை சிறிய உருவம், அதிகம் பேசமாட்டார். கடல் ஒத்துக்கொள்ளாமல் பயணம் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். ஆனாலும் அன்றைக்குக் காலையில் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு, யாரையோ வரவேற்கப் போகிறவரைப் போலத் தளத்துக்கு வந்து நின்றார்.

அண்ணி ஒலி அனுப்பும் கருவியைத் தண்ணீரில் இறக்கி ஆணை அனுப்பினார். கீழேயிருந்து பதில் வந்தது: திறந்துவிட்டேன்.

எல்லோரும் கைதட்டினோம். கடலைப் பார்த்து நின்றோம். மிதவைகள் மேலே வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். டீயும் குடித்தாயிற்று. அண்ணி மட்டும் கருவிப்பெட்டியை விட்டு நகரவில்லை. ரிலீஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அந்தப் பெட்டி காட்டும். அந்த எண் குறையவில்லை.

மறுபடி அனுப்பினார். மறுபடி அதே பதில். திறந்துவிட்டேன். எண் அசையவில்லை.

“மிதவைங்க நசுங்கிப் போயிருக்கும்” என்றார் பேராசிரியை. “மேலே இழுக்க ஆள் இல்லாம அப்படியே படுத்துக் கிடக்கு போல.”

“படுக்கலைங்க” என்றார் அண்ணி, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “படுத்தா சாஞ்சிருக்கேன்னு அதுவே சொல்லும். நேரா நிக்கிறேன்னு சொல்லுது. மிதவை இழுக்குது. கொக்கி திறந்திருக்கு. ஆனாலும் போக மாட்டேங்குது. அப்படின்னா எதுவோ கட்டிப் பிடிச்சிருக்கு.”

‘கட்டி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெட்டியை வைத்துவிட்டு நேராகப் போசனிடம் போனார்.

“அண்ணே. போன வருஷம் எடை விட்டப்ப, காப்புக் கயித்தை நான் வெட்டினேனா?”

போசன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“சொல்லுங்கண்ணே.”

“அன்னைக்குக் கம்பி சுருட்டற வின்ச்சுலேர்ந்து புகை வந்துதே தங்கச்சி. நீங்க அங்க ஓடினீங்க. அங்கேயிருந்தே ‘விடுங்க’ன்னு கத்தினீங்க. விட்டோம்.”

“கயிறு இருந்துதா?”

“இருந்துது.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.” மனிதர் சங்கடத்தில் நெளிந்தார். “என்னமோ இந்தத் தடவை வெட்ட வேணாம்னு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். உங்க முடிச்சை யாரும்மா தொடறது? தொட்டா கையை வெட்டுவேன்னு சொன்னவங்க நீங்க.”

பக்கத்தில் நின்ற எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணி ஓடவில்லை. அழவும் இல்லை. “சரி” என்று மட்டும் சொன்னார். போசனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கேப்டனையும் பேராசிரியையையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொன்னார். என்னையும் போசனையும் கூட வரச் சொன்னார். ஏன் எங்களையும் என்று அப்போது புரியவில்லை. தான் சொல்லப்போவதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

“கொடி மேலே வராததுக்குக் காரணம் நான். கட்டினது நான், வெட்டாம விட்டது நான். வேற யாரும் வெட்ட முடியாதபடி வெச்சதும் நான்தான். போசன் மேல ஒரு தப்பும் இல்லை. இனிமே எடுக்கறது எப்படின்னு பேசலாம்.”

கேப்டன் பொல்லாத மனிதர் அல்ல, ஆனால் வானிலைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர். “மேடம், மேற்கே காத்து வலுக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல இங்க நிக்க முடியாது. அடுத்த வருஷம் வந்து பார்க்கலாமே?”

“அடுத்த வருஷம் ரிலீசுக்குள்ள பேட்டரி உயிரோட இருக்காது. எங்க இருக்குன்னு கேட்டா சொல்ல ஆள் இருக்காது.”

அதன்பின் அண்ணி ஒரு தட்டில் உப்பைக் கொட்டி, அதன் மேல் ஒரு நூலை வைத்து விளக்கினார். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுப்பது போலத்தான். கப்பலிலிருந்து நீளமான இரும்புக் கம்பியில் கொக்கிகளைக் கட்டி இறக்கி, கொடியைச் சுற்றி வளையமாகப் போட்டு, பிறகு வளையத்தைச் சுருக்கி இழுக்க வேண்டும்.

“இதுல ரெண்டு வழி இருக்கு. கொடிக்கு நடுவுல வளைச்சு இழுத்து அறுத்துட்டா, மேல் பாதி நிச்சயமா வரும். கீழ இருக்கறது போயிடும். இன்னொண்ணு, ரிலீசுக்கு ஒட்டி மேலே மாட்டி இழுக்கறது. கொக்கி ஏற்கெனவே வாயைத் திறந்துட்டு நிக்குது. என் கயிறு ஒண்ணுதான் பிடிச்சிருக்கு. மிதவை இழுக்கற இழுப்பு அதுக்குப் பத்தலை. நாமளும் சேர்ந்து இழுத்தா அந்தக் கயிறு அறும், கொடி முழுசா வரும்.”

“அறலைன்னா?” என்றார் பேராசிரியை.

“நான் கட்டினா பலமாத்தான் கட்டுவேன். அதனால சொல்ல முடியாது. வேற எங்கயாவது அறுந்தா உங்க கருவி அடியோட போயிடும். வளையமே மாட்டாமலும் போகலாம். ரெண்டு வழியையும் செஞ்சு பார்க்க நேரம் இருக்கும்னும் என்னால வாக்குக் கொடுக்க முடியாது.”

“நீங்க எதைச் செய்வீங்க?”

“நான் கீழதான் மாட்டுவேன். ஆனா தப்பு என்னோடது. தப்புப் பண்ணினவ அதைச் சரிக்கட்டறதுக்காகத் துணிஞ்சு ஆடுவா. அதனால முடிவு என்னோடதா இருக்கக் கூடாது. நீங்க சொல்லுங்க.”

பேராசிரியை தட்டிலிருந்த நூலைக் குனிந்து பார்த்தார். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து உப்பு சரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று, “நான் வந்தது கீழ இருக்கறதுக்காகத்தான்” என்று சொல்லிவிட்டு வாந்தியெடுக்க ஓடினார்.

“சரி, உத்தரவு வந்தாச்சு” என்றார் அண்ணி.

கப்பலில் பாதாளக் கரண்டி இல்லை. இயந்திர அறை மெக்கானிக் இரும்புக் கழிகளை வளைத்துப் பற்றவைத்து இரண்டு செய்து கொடுத்தார். “என் மாமியார் வீட்டுக் கிணத்துக்குக் கூட இவ்வளவு பெருசு செஞ்சதில்லை” என்றார். கொக்கிகள் சேற்றில் புதைந்துவிடாமல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும் என்று அண்ணி கம்பியில் உதிரி மிதவைகளைக் கட்டச் சொன்னார். கம்பி என் கம்பி. தண்ணீர் அள்ளும் பாத்திரத்தை இறக்குவதற்காக இருந்த ஒரே நீண்ட கம்பி அதுதான். அது அறுந்தால் என் ஆராய்ச்சிக்கும் அதோடு முழுக்குத்தான்.

“நாத்தனார் சொத்துல கைவெக்கறேன், கோவிச்சுக்காதே” என்றார்.

“கோவம் வரத்தான் வரும் அண்ணி. எடுத்துக்குங்க.”

கொக்கிகளைக் கம்பியில் கட்டும்போது அவர் ஒதுங்கி நின்றார். “போசன் அண்ணே, நீங்க கட்டுங்க.” போசன் நம்பாமல் பார்த்தார். கட்டினார். கட்டி முடித்ததும் அண்ணி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார், ஒன்றைக் கூட அவிழ்க்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று வீட்டில் அவரோடு துணி காயப்போட்டவளுக்குத்தான் தெரியும். நான் போட்ட கிளிப்பை எடுத்துத் திருப்பிப் போடாமல் அவரால் இருக்க முடியாது.

பொழுது விடிந்ததும் முதல் வளையம் போட்டோம். கப்பல் பூனை நடை நடந்து கொடியைச் சுற்றி வந்தது. கம்பி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு இழுத்தோம். கம்பியின் இழுவையைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறியது, இறங்கியது, பிறகு சும்மா கிடந்தது. கம்பி முழுவதையும் சுருட்டி எடுக்க முற்பகல் ஆகிவிட்டது. கொக்கிகளில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. வேறொன்றும் இல்லை.

காற்று வலுத்துவிட்டது. அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கியது. கேப்டன் மேலேயிருந்து இறங்கி வந்தார்.

“மேடம், போதும்.”

அண்ணி சேற்றை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “கேப்டன் சார், ரெண்டு கொக்கியிலயும் அடி வரைக்கும் சேறு இருக்கு. அதனால ஆழம் சரி, இடம்தான் தப்பு. நாம போட்ட வளையத்தை நீரோட்டம் ஒரு பக்கமா ஒதுக்கித் தள்ளியிருக்கு. கொடி வளையத்துக்கு வெளிய நிக்குது. கொக்கி சேத்துல புதையாம இருக்க மிதவையையும் கூட்டிக் கட்டணும். அது மட்டுமில்லாம அடியில இவ்வளவு நீரோட்டம் இருக்கும்னு நான் நம்பலை. அவங்கதான் நம்பினாங்க. அதைக் கணக்குல சேர்த்திருந்தா முதல் தடவையே சரியா விழுந்திருக்கும்.”

தளத்தின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பேராசிரியை நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் வெளிறிக் கிடந்த முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. “எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்னு நான் சொல்றேன்” என்றார். இருவரும் கேப்டனோடு மேலே போய் வரைபடத்தின் மேல் குனிந்தார்கள். என்ன பேசினார்களோ தெரியாது. கேப்டன் தலையை ஆட்டியபடி வெளியே வந்தார்.

“ஒரே ஒரு தடவை. மாட்டினாலும் மாட்டாட்டியும் கிளம்பிடுவேன்.”

இரண்டாவது வளையம் பெரிதாக, நீரோட்டம் வருகிற பக்கமாகத் தள்ளிப் போட்டது. இழுக்கத் தொடங்கியதும் தளத்தில் இருந்த எல்லோரையும் அண்ணி உள்ளே போகச் சொன்னார். கம்பி அறுந்தால் சவுக்கு மாதிரி வீசி ஆளை இரண்டாக்கும். வின்ச்சுக்குப் பக்கத்தில் இரும்புத் தடுப்புக்குப் பின்னால் போசனும், கருவிப்பெட்டியோடு அண்ணியும் மட்டும். நாங்கள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

முள் ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. கம்பி கிறீச்சிட்டது. கப்பலின் பின்பகுதியே கொஞ்சம் தாழ்ந்தது போலிருந்தது.

“போதுமா தங்கச்சி?” என்று போசன் கத்துவது கேட்டது.

“இன்னும்!”

“கம்பி தாங்காது!”

“தாங்கும். இன்னும் கொஞ்சம்!”

முள் நடுங்கியது. பிறகு ஒரேயடியாக விழுந்து அடியில் கிடந்தது. கம்பி தளர்ந்து தொங்கியது. என் பக்கத்தில் நின்ற மெக்கானிக், “போச்சு” என்றார். பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். கம்பி அறுந்ததா, கொடி அறுந்ததா, அந்தக் கயிறு அறுந்ததா, மேலேயிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான்.

அண்ணி பெட்டியின் பொத்தானை அழுத்தி, எண்ணைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு எழுந்து, கதவுக் கண்ணாடியில் தெரிந்த எங்கள் முகங்களைப் பார்த்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து மெதுவாக உயர்த்திக் காட்டினார்.

மேலே வருகிறது.

மிதவைகள் மேலே வந்தபோது அலைகளுக்கு நடுவே மஞ்சள் நிறம் தெரிந்து மறைந்தது. கொடி முழுவதையும் கப்பலில் ஏற்றுவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது, கேப்டன் சொன்ன சாயங்காலமும் தாண்டிவிட்டது, அவர் கப்பலை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். கருவி கருவியாக வந்தது. கடைசியில் அந்த அடிக்கருவி. சட்டம் ஒரு பக்கம் கோணியிருந்தது, கொக்கி உரசிய இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. அதற்குக் கீழே ரிலீஸ், வாயைத் திறந்தபடி. பேராசிரியை கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் வயிற்றிலிருந்த கணக்கில் அந்தக் குளிர்ந்த நீரோட்டம் இருந்தது. அவர் நினைத்ததைவிட மெதுவாக, அவர் நினைத்த திசையில்.

எல்லோரும் அவரைச் சுற்றி நிற்க, அண்ணி நல்ல தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து உப்புப் போகக் கருவிகளைக் கழுவத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். “சாப்பிட்டியா?” என்றார். நான் தலையாட்டினேன். “பொய். வா, இந்தப் பக்கத்தைப் பிடி.”

கரைக்கு வந்ததும் நடந்ததை நடந்தபடி அலுவலகத்தில் சொன்னார். தலைவர், “எடுத்தாச்சே, அப்புறம் என்ன?” என்று விட்டுவிடப் பார்த்தார். அண்ணி விடவில்லை. பழைய விதியை அவரே எடுத்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்: தளத்தில் நிற்கிற யாராக இருந்தாலும், எது சரியில்லை என்று பட்டாலும், ‘நில்லு’ என்று கத்தலாம். கத்தினால் எல்லாம் நிற்க வேண்டும். கத்தியவரை யாரும் ஏன் என்று அதட்டக் கூடாது.

அதே கொடியை மறுபடி இறக்கிய பயணத்திலும் நான் இருந்தேன். அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. காப்புக் கயிற்றை அண்ணி கட்டினார். போசன் வெட்டினார். வெட்டியதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னார்கள். எடையை விட வேண்டியதுதான் பாக்கி, வின்ச்காரர் கையைத் தூக்கிவிட்டார், அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் டீத்தட்டோடு தளத்துக்கு வந்தார். பருத்த மனிதர். கொக்கியைப் பார்த்தார். தட்டு கையிலிருந்து நழுவியது.

“நில்லு! நில்லு! நில்லு!”

எல்லாம் நின்றது. டீ தளம் முழுக்க ஓடியது. போசன் பல்லைக் கடித்துக்கொண்டு, “இவனுக்கு இங்க என்ன வேலை?” என்று முணுமுணுத்தார். சமையல்காரர் விரலை நீட்டினார். “அங்க… அங்க சிவப்பா ஏதோ கயிறு கட்டியிருக்கு.”

அண்ணி போய்க் குனிந்து பார்த்தார். எந்த ரிலீஸ் என்று அடையாளம் தெரிய ஒட்டிய சிவப்புநாடா. அவரே ஒட்டியது. அதன் நுனி பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு எல்லாம் ஒன்றும் இல்லை. மாலுமிகள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சமையல்காரர் காது சிவந்துபோய், சிதறிய தம்ளர்களைப் பொறுக்கக் குனிந்தார்.

“யாரும் சிரிக்காதீங்க” என்றார் அண்ணி. அவர் சிரிக்கவில்லை. நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். திரும்பவும் கொக்கியை ஒருமுறை சுற்றிலும் தடவிப் பார்த்தார். பிறகு சமையல்காரரிடம் வந்து, அவரோடு சேர்ந்து குனிந்து ஒரு தம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

“நல்லா கத்தினீங்க. அடுத்த தடவையும் இதே மாதிரி கத்தணும், என்ன?”

“தப்பா இருந்தாக் கூடவா மேடம்?”

“தப்பா இருந்தாக் கூட.”

அண்ணி நிமிர்ந்து வின்ச்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். சக்கரங்கள் தண்ணீரைப் பிளந்துகொண்டு உள்ளே போயின.